டிவி பெட்டிக்குப் பெரட்டு வைத்த கதை

எனக்குக் கோபம் வந்தால் முதலில் என் சத்தம் வரும், அதற்குப் பின்னால்தான் நான் வருவேன் என்று எங்கள் மலையில் சொல்வார்கள். பொய்யில்லை. கொடகவெலப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கங்காணி. காலையில் பெரட்டுக் களத்தில் முப்பது பெண்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு எண்ணி, யாருக்கு எந்த நிரை என்று பிரித்துக் கொடுத்து, பின்னேரம் வரைக்கும் அவர்களோடு மலையில் நிற்கிறவள். எங்கள் தோட்டத்தில் ஒரு பெண்ணுக்குக் கங்காணி வேலை கொடுத்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பெருமை கொஞ்சம் தலைக்கு ஏறியிருந்தது என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். அப்படி ஏறியிருந்த நாட்களில்தான் அந்தப் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது.

பெட்டி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சோப்புக் கட்டி அளவில் கறுப்பாக ஒரு சாமான். டிவிக்குப் பின்னால் செருக வேண்டும். கட்டாரில் வேலை செய்யும் என் தம்பி லீவில் வந்தபோது கொண்டுவந்தான்.

"இதச் செருகி வைஃபை குடுத்தா போதும்க்கா. போன்ல பாக்குறதெல்லாம் டிவியிலயே பாக்கலாம். எந்த ஆப் வேணுமோ இறக்கிக்கலாம்" என்றான்.

அவனுடைய மெயிலைப் போட்டே பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு அவன் திரும்பிப் போய்விட்டான். அதனால் நாங்கள் இங்கே எதை இறக்கினாலும் கட்டாரில் அவனுக்கு ஒரு மெசேஜ் போய்விடும். பக்கத்துக் காம்பிரா மதினியின் பேரப்பிள்ளைக்காகத் தாலாட்டுப் பாட்டு ஆப் ஒன்றை இறக்கிய அன்றைக்குப் பத்து நிமிசத்தில் போன் வந்தது.

"என்னாக்கா, திடீர்னு தாலாட்டெல்லாம் இறக்குறீங்க. வீட்டுல ஏதும் விசேசமா?"

எனக்கு அப்போது வயது நாற்பத்தாறு. கிட்ட இருந்திருந்தால் முதுகில் ஒன்று வைத்திருப்பேன்.

எங்கள் லயத்தில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகப் பன்னிரண்டு வீடு, நாங்கள் காம்பிரா என்போம். வைஃபை போட்டிருந்தது எங்கள் வீட்டில் மட்டும். ஆகவே பெட்டி எங்களுடையது என்றாலும் ஆப் எல்லாம் ஊருடையது. மதினிக்குச் சாமிப் பாட்டு ஆப் வேண்டும். அவள் மருமகளுக்குச் சிங்களத்தில் ஓடும் நாடகங்கள் வேண்டும். அந்தப் பிள்ளை டவுன் கடையில் வேலை செய்கிறது, சிங்களம் தமிழைவிட வேகமாக வரும். கடைசிக் காம்பிராக்காரருக்கு கிரிக்கெட். அவருடைய வீட்டு அம்மாவுக்குப் பூ வேலை தைக்கக் கற்றுத்தரும் ஆப். எனக்கு என்னுடைய சீரியல், அதை யாரும் கேட்கக் கூடாது. ரிமோட்டில் அம்புக்குறியை அழுத்தி அழுத்தி ஒவ்வோர் எழுத்தாகப் பேரைத் தேடி இறக்குவதற்கு நான்தான். கேட்டால் கேட்டதை இறக்கிக் கொடுக்கிற ஆள் என்று பேர் வாங்குவதில் எனக்கு ஆசையும் இருந்தது.

வேறு ஒரு விசயமும் அந்த மாதத்தில் எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியாமல் நடந்தது. அதைச் சொல்வதென்றால் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் கொழுந்து டிராக்டரில் ஆள். நாங்கள் பறித்து நிறுத்த கொழுந்தைச் சாக்குச் சாக்காக டிராக்டரில் ஏற்றி பெக்டரியில் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. பதினாலு வருசமாக அதுதான். டிராக்டர் ஓட்டுகிறவர் பென்சனில் போகப் போகிறார் என்று தெரிந்ததும் தோட்டத்து மேனேஜர் தொரை இவரைக் கூப்பிட்டிருக்கிறார். ஓட்டத் தெரியும் என்பது தொரைக்கே தெரியும். டிரைவருக்குக் காய்ச்சல் என்றால் தோட்டத்துக்குள் இவர்தான் ஓட்டுவார். ஆனால் டிரைவர் வேலை என்று எழுதிக் கொடுக்க லைசன் வேண்டும். லைசனுக்கு முதலில் எழுத்துப் பரீட்சை பாஸ் பண்ண வேண்டும். "மாசம் முடியிறதுக்குள்ள அதப் பாஸ் பண்ணிட்டு வா, எடத்த ஒனக்கு வச்சிருக்கேன். இல்லன்னா வெளியாளத்தான் போடணும்" என்று தொரை சொல்லியிருக்கிறார்.

இதைப் பற்றி மனுசன் வீட்டில் மூச்சு விடவில்லை. டிரைவர் பென்சனில் போகிற பேச்சு வந்தபோது நானே கேட்டேன், நீங்க ஒருக்கா கேட்டுப் பாக்கலாமே என்று. "நமக்கு எதுக்கு அதெல்லாம்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் அஞ்சாம் வகுப்போடு நின்றவர். தமிழ் வாசிப்பார், ஆனால் எழுத்து எழுத்தாக. ரெண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு தடவை அந்தப் பரீட்சைக்குப் போய் பெயிலாகி வந்தவர். அதனால் ஆசை விட்டுப்போச்சு என்று நானும் விட்டுவிட்டேன்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். பெட்டி அதற்கு ஒரு வாரமாகவே நொண்டிக்கொண்டிருந்தது. ஒரு ஆப்பைத் திறந்தால் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்குள் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம். என் சீரியலில் மாமியார் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்து நின்றாள். கீழே 'போதிய இடம் இல்லை' என்று ஒரு வரி வந்தது. எனக்கு மூக்கு மேல் கோபம். தம்பிக்கு வீடியோ கோல் எடுத்து, போனை டிவிக்கு நேராகப் பிடித்தேன்.

"எடம் நிறைஞ்சிருச்சுக்கா. பாவிக்காத ஆப் எல்லாத்தையும் தூக்குங்க. செட்டிங்ஸ் போங்க. அதுல ஆப்ஸ். கீழ, எல்லா ஆப்பும் காட்டுன்னு இருக்கும் பாருங்க."

அழுத்தினேன். வந்ததே ஒரு பட்டியல். ஒன்றன் கீழ் ஒன்றாகப் பேர், பக்கத்தில் ஒவ்வொருவரும் பிடித்திருக்கிற இடம். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நான் தினமும் காலையில் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற பேர்ப் பட்டியல், செக்ரோல்தான் அது. எங்கள் தோட்டத்தில் சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராமல் இருந்தால் செக்ரோலில் பேரை வெட்டிவிடுவார்கள். அவர் வந்தாரா இல்லையா என்பதற்குக் கங்காணியின் கண்தான் சாட்சி. நான் பார்க்காதவர் வரவில்லை, அவ்வளவுதான்.

"தம்பி, நீ போன வையாத. இன்னைக்கு இதுங்களுக்குப் பெரட்டு" என்றேன்.

ஒவ்வொரு பேராகச் சத்தமாகக் கூப்பிட்டேன். வானிலை ஆப்: மழை வரும் என்று தினமும் சொன்னது. எங்கள் பக்கத்தில் மழை வரும் என்று சொல்ல ஒரு ஆள் தேவையா? வெட்டினேன். யோகா ஆப்: முழங்காலை மடக்க முடியாத மதினி கேட்டு இறக்கியது, ஒரே ஒரு நாள் பார்த்தாள், அதுவும் படுத்துக்கொண்டு. வெட்டினேன். பாட்டைப் போட்டு நாம் பாடுகிற ஆப்பைக் கடைசிக் காம்பிராக்காரர் அடிக்கடி பாவித்தார், ஆனாலும் லயத்தின் நன்மையை நினைத்து வெட்டினேன். கட்டாரில் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கும் உற்சாகம் கூடிப்போனது.

அப்படிப் போகும்போது பட்டியலில் ஒரு மஞ்சள் முக்கோணம் நின்றது. பேர் இங்கிலீசு எழுத்தில், எனக்கு வாயில் வரவில்லை. டிவியைப் போட்டதும் வரிசையாக முகம் காட்டுகிற ஆப்களில் இது ஒரு நாளும் நின்றதில்லை.

"இது யாரு தம்பி, எங்கிட்டப் பேர் குடுக்காம உள்ள வந்து ஒக்காந்திருக்கிறது?"

"இது ஆப் கடையில இருந்து எறக்கினது இல்லக்கா. எனக்கு மெசேஜும் வரல. யாரோ வெளியில இருந்து போட்டிருக்காங்க. இதெல்லாம் வச்சிக்கிறாதீங்க, வைரசா இருந்தாலும் இருக்கும்."

அழுத்தினேன். அழித்தால் இதில் உள்ளதெல்லாம் போய்விடும், நிச்சயமா என்று பெட்டி கேட்டது. கங்காணியிடம் போய் நிச்சயமா என்று கேட்பதா? ஓகேயை அழுத்தினேன்.

ஆப்ஸ் பக்கத்தின் மேலேயே, அண்மையில் திறந்தவை என்று நாலைந்து ஆப் தனியாக நின்றன. அதில் என் சீரியலுக்கு அடுத்தது அந்த மஞ்சள் முக்கோணம். நான் அந்த வரியைத் தாண்டிக் கீழே போய்விட்டேன். அது என் வீட்டுக்காரருடைய பரீட்சை என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் அந்த நேரம் கோயிலடியில் சிரமதானத்துக்குப் போயிருந்தார்.

திங்கட்கிழமை பின்னேரம் நான் மலையிலிருந்து வந்தபோது அவர் வாசல் திண்ணையில், இஸ்தோப்பில், உட்கார்ந்திருந்தார். டிவி அணைந்திருந்தது.

"பெட்டியில ஏதாச்சும் பண்ணினியா?" என்று கேட்டார்.

"பண்ணாம? குப்பையெல்லாம் அள்ளிப் போட்டேன். இப்ப போட்டுப் பாருங்க, பறக்கும்" என்றேன்.

"ம்" என்றார். பிறகு எழுந்து குளிக்கப் போனார். ராத்திரி ரெண்டு வாய்ச் சோற்றோடு தட்டைத் தள்ளிவிட்டார். செவ்வாய் அப்படி, புதன் அப்படி. என் வீட்டுக்காரர் எப்போதுமே அதிகம் பேசுகிறவர் இல்லை. ஆனால் பேசாமல் இருப்பதிலும் வித்தியாசம் இருக்கிறது. என்னைக் கண்டால் கண்ணை எடுத்துக்கொண்டார். என்ன வந்தது இந்த மனுசனுக்கு என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது, கவலை வரவில்லை. அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

வியாழன் அன்றைக்கு மதினியிடம் உப்பு வாங்கப் போனேன். அவள் முழங்கால் வலியால் அந்த மாதம் முழுக்க வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தாள்.

"அண்ணன் இப்ப டிவி பாக்குறது இல்லையா?" என்று கேட்டாள்.

"அவரு எங்க டிவி பாக்குறாரு? அவருக்கு டிவி போடவே தெரியாதே."

மதினி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "என்னா மதினி பேசுறீங்க. மத்தியானக் கொழுந்த எறக்கிட்டு வந்தா அந்திக் கொழுந்துக்குப் போற வரைக்கும் டிவி முன்னாலதான் இருப்பாரு. மூணு வாரமா நான் பாக்குறேன். ரோட்டுப் படமா வரும். சத்தமே இருக்காது. ஒதட்ட அசைச்சு அசைச்சு வாசிப்பாரு. ஒங்களுக்குத் தெரியும்னுதான் நான் நெனச்சேன்."

உப்பை வாங்காமலே திரும்பி வந்தேன். ரோட்டுப் படம். மஞ்சள் முக்கோணம்.

அவர் வந்ததும் வராததுமாகக் கேட்டேன். "என்னாங்க, அந்த மஞ்சள் ஆப் ஒங்களுதா?"

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். தொரை சொன்னது, பரீட்சைக்குப் பேர் கொடுத்தது, வரும் புதன்கிழமை இரத்தினபுரியில் பரீட்சை என்பது. டவுனில் டிரைவிங் பழக்குகிற இடத்துச் சிங்கள ஐயா, நாங்கள் மாத்தயா என்போம், அந்தக் கேள்விகளை ஆப்பாக வைத்திருக்கிறார். போனில் போடுகிற ஆப். இவரிடம் இருப்பது பட்டன் போன். வீட்டில் டிவி பெட்டி இருக்கிறது என்றதும் மாத்தயா அதை ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்து, எப்படிப் போடுவது என்று ஒரு கடதாசியில் வரைந்தும் கொடுத்திருக்கிறார். டிவி போடத் தெரியாது என்று நான் சொல்லிக்கொண்டு திரிந்த மனுசன், கடதாசியைப் பார்த்துத் தானே செருகி, தானே அனுமதி கொடுத்து, தானே போட்டிருக்கிறார். முன் வரிசையில் அது முகம் காட்டாததால் ஒவ்வொரு நாளும் செட்டிங்ஸ், ஆப்ஸ், எல்லா ஆப்பும் என்று உள்ளே உள்ளே போய்த் திறந்திருக்கிறார். பென்னைத் திருப்பிக் கொடுத்தும் ஆகிவிட்டது.

"நானூறு கேள்வி. சரியாச் சொன்னா பச்சையாகிரும். பிழைன்னா செவப்பா நிக்கும். போன சனிக்கிழமை பாக்குறப்ப செவப்பு இருபத்தொன்னுதான் பாக்கி" என்றார்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "சொன்னா நீ பெரட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போவ" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். ரெண்டு வருசத்துக்கு முன்னால் அவர் பெயிலாகி வந்த மறுநாள் காலை, பெரட்டில் எல்லாரும் தூங்கி வழிகிறார்களே என்று சிரிப்புக் காட்ட, "எங்க வீட்டு மனுசனுக்குச் செவப்பு லைட்டும் பச்சை லைட்டும் ஒன்னுதான்" என்று சொன்னவள் நான். களமே சிரித்தது. ஒரு மாதம் வரைக்கும் அவர் கொழுந்து ஏற்ற வந்தால் யாராவது ஒருத்தி 'பச்சை லைட்டு வருது' என்பாள். அவரும் சிரித்தார். சிரித்தார் என்பதால் நான் அதை அதோடு மறந்துவிட்டேன்.

அன்றைக்கு நான் அழுதேன். அடுப்படிக்குப் போய், விறகு புகையுது என்று சொல்லிக்கொண்டு அழுதேன். எங்கள் வீட்டில் அப்போது காஸ் அடுப்பு வந்து ஆறு மாதம்.

சனிக்கிழமை அரை நாள் லீவு போட்டுக்கொண்டு கொடகவெலைக்கு பஸ் ஏறினேன். அவரைப் போகச் சொல்ல வழியில்லை, அன்றைக்குக் கொழுந்து கனம், டிராக்டரை விட்டு வர முடியாது. டிரைவிங் பழக்கும் இடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை. மாத்தயா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தார். நான் சிங்களத்தில் விசயத்தைச் சொன்னேன். அவர் தமிழில் பதில் சொன்னார். எங்கள் டவுனில் பாதிப் பேச்சு இப்படித்தான் நடக்கும்.

"ஆ, கொழுந்து டிராக்டர் ஆளா? நீங்க அவரு நோனாவா? ஹரி ஹொந்த மினிஹா" என்று, ரொம்ப நல்ல மனுசன் என்பதை மட்டும் சிங்களத்தில் சொல்லிவிட்டு, "மொத நாள் வந்து வெளியில அரை மணித்தியாலம் நின்னாரு. நான்தான் போய்க் கூப்பிட்டேன். ஆப்புக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"அழிஞ்சு போச்சு மாத்தயா."

"எப்பிடி அழிஞ்சது? தானா அழியாதே."

முப்பது பேரை மேய்க்கிற என் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. "நான்தான் அழிச்சேன்" என்று ஒருவழியாகச் சொன்னேன். மாத்தயா கண்ணாடியை இறக்கி என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார். பென்னில் ஏற்றிக் கொடுத்து, காசு வேண்டாம் என்றும் சொல்லி, கூடவே ஒன்று சொன்னார். ஆப் திரும்பி வரும், ஆனால் பழைய பச்சை சிவப்பு ஒன்றும் வராது. அதெல்லாம் பெட்டிக்குள்ளே இருந்தவை, ஆப்போடு போய்விட்டன. முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பஸ்ஸில் கணக்குப் போட்டேன். நானூறு கேள்வி, சனி ஞாயிறு திங்கள் செவ்வாய். எழுத்து எழுத்தாக வாசிக்கிற மனுசன் மூன்று வாரத்தில் செய்ததை நாலு நாளில் எப்படிச் செய்வார்?

வீட்டுக்கு வந்து பென்னைச் செருகினேன். வேலை லேசாக நடந்துவிடும் என்று நினைத்தால், பெட்டி பென்னையே அடையாளம் காணவில்லை. கழற்றி ஊதித் திரும்பச் செருகினேன். கண்டது. கோப்பைத் திறந்தால், தெரியாத இடத்திலிருந்து வரும் ஆப், அனுமதிக்கவில்லை என்றது. அனுமதி கொடுக்கும் இடத்தைத் தேடி ரிமோட்டோடு அலைந்தேன். அவர் கடதாசி பார்த்துக் கண்டுபிடித்ததை நான் கண்டுபிடிக்க முக்கால் மணித்தியாலம் ஆனது. அனுமதித்தால், போதிய இடம் இல்லை என்று மறுபடி வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை நான் அவ்வளவு பேரை வெட்டியும் இடமில்லை. மிச்சமிருந்த ஆப்கள் ஒரு வாரத்துக்குள் தங்களைத் தாங்களே புதுப்பித்து, ஊதிப் பெருத்து, கிடைத்த இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தன.

பட்டியலைத் திறந்தேன். எல்லாரையும் விட அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டு முதலில் நின்றது என் சீரியல் ஆப். அந்த வாரம்தான் மாமியாருடைய பழைய ரகசியம் வெளியே வரப் போகிறது என்று காட்டியிருந்தார்கள். ஒரு நிமிசம் உண்மையிலேயே யோசித்தேன். பிறகு வெட்டினேன். மஞ்சள் முக்கோணம் உள்ளே வந்து உட்கார்ந்தது.

அவர் வந்ததும் திறந்து காட்டினேன். போனுக்குச் செய்தது என்பதால் டிவி நடுவில் ஒல்லியாக நெட்டுக்கு நின்றது, ரெண்டு பக்கமும் கறுப்பு. நானூறும் வெள்ளையாக இருந்தன.

"பரவாயில்ல" என்றார். அந்தப் பரவாயில்லவைக் கேட்க எனக்கு வலித்தது.

"நான் வாசிக்கிறேன், நீங்க வெடையச் சொல்லுங்க. நான் வேகமா வாசிப்பேன். ரெண்டு பேரும் ஒக்காந்தா முடிச்சிரலாம்."

அவர் பக்கத்துக் காம்பிராப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"ஒரு ஆளுகிட்டயும் சொல்ல மாட்டேன். தம்பிகிட்டக்கூட" என்றேன்.

பின்னேரம் வேலை விட்டு வந்ததிலிருந்து விளக்கு வைத்துச் சாப்பிடும் வரைக்கும் உட்கார்ந்தோம். நாடகம் பார்க்க வந்த மருமகளிடம் பெட்டி பழுது என்று சொல்லிவிட்டேன். நான் ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு வாசிப்பேன், அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். இலக்கத்தைச் சொல்லுவார், நான் அழுத்துவேன். பச்சை. பச்சை. பச்சை. சிவப்பு வந்தால் எனக்கு வாய் துறுதுறுக்கும். ஏதாவது சொல்லியே பழகிய வாய். நாக்கைக் கடித்துக்கொண்டு அடுத்த கேள்வியை வாசித்தேன். ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க அப்படியே போனது.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. இவருக்கு எல்லாம் தெரிகிறது. மலைப் பாதையில் ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பது, பாரம் ஏற்றினால் பிரேக் எப்படிப் பிடிக்கும் என்பது, பாதசாரிக் கோட்டுக்கு எத்தனை அடிக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பது, சந்தியில் எந்தப் பலகைக்கு என்ன அர்த்தம் என்பது எல்லாம். காதால் கேட்டால் சொல்லுகிறார். கண்ணால் வாசிக்கும்போதுதான் எழுத்துக்கள் அவரை இழுத்தடிக்கின்றன. இருபது வருசமாகக் கூட வாழ்கிறேன், இது எனக்குத் தெரியவில்லை. அதனால் திங்கட்கிழமை ரிமோட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு, "இனி நீங்களே வாசிங்க, சத்தமா" என்றேன். அங்கே நான் கூட வர முடியாதே. அவர் வாசித்தார். தடுக்கினார், நின்றார், திரும்பத் தொடங்கினார். ரெண்டு பின்னேரமும் வாசித்தார். செவ்வாய் இரவு சாப்பாட்டு நேரத்தில் சிவப்பு ஒன்பதில் நின்றது.

புதன்கிழமை விடிய முதல் பஸ்ஸில் அவர் இரத்தினபுரிக்குப் போனார். வெள்ளைச் சட்டை. பரீட்சைக்கா போறீங்க, கல்யாணத்துக்கா என்று கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

பெரட்டில் எல்லாரும் கேட்டார்கள், டிராக்டருக்கு வேறு ஆள் வந்திருக்கே, அண்ணன் எங்கே என்று. டவுனுக்குப் போயிருக்காரு என்றேன். என்ன விசயம் என்றார்கள். ஒரு விசயம் என்றேன். நான் ஒரு கேள்விக்கு இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்லி அவர்கள் பார்த்ததில்லை. ஒருத்தி என் நெற்றியைத் தொட்டுக் காய்ச்சலா என்று பார்த்தாள். அன்றைக்குக் காலையில் நான் யாரையும் ஏசவில்லை. முற்றல் இலை பறித்தவளைக்கூட ஏசவில்லை. எழுத்துப் பரீட்சையைக் கம்ப்யூட்டரில்தான் செய்ய வேண்டும், முடித்ததும் அங்கேயே முடிவு வந்துவிடும் என்று மாத்தயா சொல்லியிருந்தார். பத்து மணி ஆனது, பதினொரு மணி ஆனது. போன் பேசாமல் கிடந்தது.

மத்தியான நிறுவைக்கு எல்லாரும் கூடைகளோடு தராசடியில் கூடி நின்றபோது போன் அடித்தது. அவர்தான்.

"சொல்லுங்க" என்றேன்.

அந்தப் பக்கம் பஸ் ஹோர்ன் சத்தம்.

"பக்கத்துல யாரும் இருக்காங்களா?"

சுற்றிப் பார்த்தேன். முப்பது பெண்கள். தராசு பிடிக்கிறவர். பென்சனில் போகிற டிரைவர். எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவருக்குப் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"எல்லாரும்தாங்க இருக்காங்க. இருங்க, நான் அந்தப் பக்கம் தள்ளிப் போறேன்."

"வேணாம். ஸ்பீக்கர்ல போடு."

போட்டேன்.

"நாப்பதுக்கு முப்பத்தொம்போது" என்று அவர் குரல் மலையில் கேட்டது. "லைசன் பரீட்சை. பாஸ். ஒன்னுதான் பிழை. அது எம்பொண்டாட்டி சொல்லிக் குடுத்த கேள்வியாத்தான் இருக்கும்."

ஒரு விநாடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு டிரைவர்தான் முதலில் சிரித்தார். அவரைத் தொடர்ந்து முப்பது பேரும் சிரித்தார்கள். கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள், என்னைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். என் ஆட்கள் முன்னால் என்னை வைத்து யாரும் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அவருக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று போனை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.